முப்பது அடி ஒயர்

நம் வயதுக்காரிகளுக்கு என்றுதான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன். சின்னவர்கள் கேட்டால், "இதுக்கா இத்தினி வருசம் மூடி வச்சினு இருந்தே?" என்று சிரித்துவிட்டு எழுந்து போவார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் இன்றுவரை ஒரு கடைக்காரனும் என்னை ஏமாற்றியதில்லை. யார் முன்னாலும் நான் தலை குனிந்து நின்றதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள், நானும் அதை மறுப்பதில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்தத் தலை நிமிராது. அது ஒரு முப்பது அடி ஒயர்.

போன மாதம் கூடுவாஞ்சேரியில் மகள் வீட்டில் இருந்தேன். மருமகன் ரொம்ப நாள் ஆசைப்பட்டு ஒரு பாட்டு செட்டு வாங்கியிருந்தார். நடுவில் ஆம்ப்ளிபயர், இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி. அதற்கே கையைக் கடித்துவிட்டது. ஒயரைத் தனியாக வாங்க வேண்டுமாம். செல்போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று சாரைப்பாம்பு பருமன், மேலே துணி பின்னி, முனையில் தங்க முலாம். இன்னொன்று கண்ணாடித் தோலுக்குள் செம்பு தெரிகிற சாதாரண ஒயர். மகள் எட்டிப் பார்த்தாள்.

"பொட்டி விலைல பாதி சொல்றான் ஒயருக்கு. இன்னா, அதுவே பாடுமா?"

"உனுக்குத் தெரியாது. எல்லாமே ஒயர்லதான் கீது. மட்டமானதப் போட்டா கரகரன்னும்."

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "எத்தினி அடி வேணும் மாப்ள?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு பக்கத்துக்குப் பதினஞ்சு அடி வரும் அத்தே."

"பதினஞ்சு அடிக்கு அந்த சாதா ஒயரே போதும். சுரண்டிப் பாருங்க, உள்ளயும் செம்பா இருக்கணும். சில ஒயரு மேல செம்பு, உள்ள அலுமினியம். ரெண்டு முனையையும் இறுக்கி முடுக்குங்க. வேற ஒண்ணும் இல்ல."

"அடேங்கப்பா! அத்தைக்கு ஒயரு வரிக்கும் தெரியுது. எங்க கத்துக்கினீங்க?"

"எங்கியோ" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டேன். எங்கே என்பதை அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பதினொன்று நடந்துகொண்டிருந்தது. செங்கல்பட்டு ஏரிக்கரை ஓரம் எங்கள் வீடு. எங்கள் நைனாவுக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிற வேலை, அம்மாவுக்கு அரிசி மில்லில். அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், எங்களோடுதான் இருந்தார். மைக் செட்டுக்காரரிடம் வேலை. கல்யாணம், காதுகுத்து, கோயில் கூழ் என்று எங்கே செட்டு கட்டினாலும் பனைமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர் அவர்தான். மரத்து உச்சியிலிருந்து அவர் "அல்லோ, மைக் டெஸ்டிங்" என்று கத்துவார். மைக் கீழே இருக்கும். கீழே இருக்கிற ஜனம் சிரிக்கும். அப்படி ஒரு ஆள்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் செட்டு கட்டப் போனவர் மரத்திலிருந்து விழுந்தார். காற்று தள்ளியது என்றார்கள், கயிறு அறுந்தது என்றார்கள். உயிர் பிழைத்தார், இடுப்புக்குக் கீழே பிழைக்கவில்லை. செட்டுக்காரர் ஒருமுறை வந்து பார்த்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு ஒரு மாட்டுவண்டியில், அவரிடம் ஓய்ந்துபோன சாமான்களை அனுப்பி வைத்தார். ஒரு பழைய ஆம்ப்ளிபயர், ஒரு ரெக்கார்டு பெட்டி, நாலு ரெக்கார்டு, பெட்டியில்லாத ஒரு வட்ட ஸ்பீக்கர். ஒரு ஆளின் இரண்டு காலுக்கு அதுதான் ஈடு. எங்கள் வீட்டில் அதையும் பெரிய மனசு என்றே பேசிக்கொண்டார்கள்.

எங்களுக்கு முன்னால் ஒரு ஓட்டு அறை, பின்னால் ஒரு ஓலைக் கொட்டாய். கரண்டு முன்னறையில் மட்டும். மாமாவின் கயிற்றுக் கட்டிலைப் பின்கொட்டாயில் போட்டார்கள். "அங்க காத்து நல்லா வருது" என்றார் நைனா. அது பொய்யில்லை. ஆனால் மாமாவின் முதுகில் புண் வைத்திருந்தது, அதன் வாடை முன்னறைக்கு வரக்கூடாது என்பதும் அதில் இருந்தது. அன்று எனக்கு அது தெரியாது. செட்டை முன்னறையில் வைத்தார்கள். வருகிற போகிறவர்கள் பார்க்க வேண்டும் அல்லவா? செட்டு மாமாவுடையது என்பதே இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் மறந்துவிட்டது. எனக்கும்தான்.

பெட்டியில்லாத ஸ்பீக்கர் அப்பளம் மாதிரி மெலிசாகக் கத்தியது. மாமா பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "அக்கா, புளிப்பானை காலியா கீதா? அது வாய்ல ஸ்பீக்கர மல்லாத்தி வை." அம்மா வைத்தாள். சத்தம் இறங்கி, உருண்டு, வயிற்றில் வந்து உட்கார்ந்தது. ஆம்ப்ளிபயர் சூடேறும்போது தூசு பொசுங்குகிற வாசனை, பானையிலிருந்து பழம்புளி வாசனை, இரண்டும் சேர்ந்து வரும். இன்றைக்கும் புளி கரைக்கும்போது எனக்கு நாதஸ்வரம் கேட்கும்.

ரெக்கார்டு வைக்கிற வேலை என்னுடையது ஆனது. அம்மாவுக்குக் கரண்டு என்றால் பயம். நைனாவும், மூன்று மூட்டையை ஒன்றாகத் தூக்குகிற மனிதர், அந்த ஆம்ப்ளிபயர் பக்கம் கையைக் கொண்டுபோக மாட்டார். நான்தான் சுவிட்சு போட்டு, தட்டைத் துடைத்து, ஊசியை மெல்ல இறக்குவேன். சாயந்திரம் ஆனால் தெருப் பிள்ளைகள் எல்லாம் வாசலில். "ஏய் ரெக்கார்டுக்காரி, அந்தக் கல்யாண மேளத்த வையேன்" என்று கெஞ்சுவார்கள். எதிர்வீட்டுக்காரி, என் வயசுப் பெண், ஒரு நெல்லிக்காய் கொடுத்தால் அவள் கேட்டது. கொடுக்காவிட்டால் கீறல் விழுந்த நாடக ரெக்கார்டு. கையில் ஒரு காரியம் இருந்தால் மனுசி எப்படி மாறிப்போகிறாள் என்று அந்தச் சில மாதத்தில் பார்த்தேன். பார்த்தேன் என்று இன்றைக்குச் சொல்கிறேன், அன்று அனுபவித்தேன்.

ஐப்பசி மழை தொடங்கியதும் மாமாவுக்குப் பாட்டு கேட்காமல் போனது. ஓலைமேல் மழை கொட்டினால் பக்கத்தில் பேசுவதே கேட்காது. ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "அக்கா, செட்டு அங்கியே இருக்கட்டும். பானைய மட்டும் எங்கிட்ட கொண்டாந்துடு. நடுவுல ஒரு முப்பது அடி ஒயரு இழுத்தா போதும். நான் வேற இன்னா கேக்கப் போறேன்?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நைனாவிடம் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா என்னையும் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனார். ஒயரைப் பற்றித் தெரிந்தவள் என்று என்னைக் கூட்டிப்போனார், நடையே வேறாகத்தான் நடந்தேன்.

கடைக்காரர் ஒரு பாய். வெள்ளைத் தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி. மூன்று சுருள் எடுத்துப் போட்டார். ஒன்று திருவிழா செட்டுக்குப் போடுகிற தடி ஒயர். ஒன்று வெளியே பளபளவென்று, உள்ளே வெள்ளைக் கம்பி. மூன்றாவது மெலிசாக, சிவப்பும் கறுப்புமாக முறுக்கியது. நைனா தடி ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வாங்க முடியாது, ஆனால் கண் அங்கேதான் இருந்தது.

"அது உங்களுக்கு வாணாம் அண்ணாத்த" என்றார் பாய். "முப்பது அடிக்கு இந்த மெலிசே போதும். ஆட்டுக்குட்டியக் கட்டத் தேர்வடம் வாங்குவாங்களா? இந்த வெள்ளைக் கம்பியும் வாணாம், நாலு தபா மடிச்சா ஒடிஞ்சிடும்." பிளேடால் மூன்றாவது ஒயரின் தோலைச் சீவி என் உள்ளங்கையில் வைத்தார். "பாருமா, நல்லா எண்ணு. செம்பு இழை. ரெண்டு முனையையும் இறுக்கிப் பூட்டினா உன் கல்யாணம் வரிக்கும் பாடும்."

வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். கொஞ்ச தூரம் போனதும் நைனா சுருளைப் பிரித்துப் பார்த்தார். பிறகு, "ஜாஸ்தி விலையத் தள்ளாம எதுக்குக் கம்மி விலையத் தள்றான்? எதுனா இருக்கும்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாள்தோறும் எடையில் ஏமாந்தவருக்கு, ஏமாற்றாதவன் எதிரே வந்து நின்றால் அடையாளம் தெரியாது.

சாயந்திரமே ஒயர் இழுத்தோம். முன்னறை ஜன்னல் வழியாக, முருங்கை மரத்தில் ஒரு சுற்று, கொட்டாய்க்குள். ஆம்ப்ளிபயரின் முதுகில் இரண்டு திருகு, அங்கே நான் பூட்டினேன். பானை முனையை மாமாவே கட்டிலிலிருந்து குனிந்து முறுக்கினார். ஊசியை வைத்தேன். முன்னறையில் ஒரு சத்தமும் இல்லை. ரெக்கார்டு மட்டும் ஊமையாகச் சுற்றியது. பின்னால் கொட்டாயில் மேளம் புறப்பட்டது. அதற்கும் மேலே மாமாவின் குரல்: "அல்லோ, மைக் டெஸ்டிங்!" அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். விழுந்த நாளுக்கப்புறம் அவர் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை.

எனக்கும் சந்தோஷம்தான். ஒருநாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் பிள்ளைகள் வந்தார்கள், என்னைத் தாண்டிப் பின்கொட்டாய்க்குப் போனார்கள். சத்தம் எங்கேயோ அங்கேதானே போவார்கள். மாமா கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டு கதை சொன்னார். ஒரு கல்யாணத்தில் மைக்கை அணைக்க மறந்துபோய், சம்பந்தியம்மா பெண் வீட்டுச் சாம்பாரைத் திட்டியது நாலு தெருவுக்குக் கேட்ட கதை. "'இது சாம்பாரா, இல்ல கை கழுவின தண்ணியா'ன்னு கேக்குது பொம்பள. பனைமரத்து மேல நான். எனுக்கு மேல குழாயி. எறங்கவும் முடியல, சிரிக்கவும் முடியல!" பிள்ளைகள் உருண்டு சிரிப்பது எனக்குக் கேட்டது. நான் முன்னறையில் தனியாக உட்கார்ந்து, சத்தம் வராத தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரி கதவண்டை தலையை நீட்டி, "ஏய், அடுத்த பாட்டு வை. மாமா கேக்குறாரு" என்று வேலைக்காரிக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு ஓடினாள். நெல்லிக்காய் இல்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஆம்ப்ளிபயரின் முதுகுக்குக் கையைவிட்டு ஒரு திருகைத் தளர்த்தினேன். அரைத் திருகு. அதற்கு மேல் இல்லை. ஆம்ப்ளிபயர் இருந்த ஸ்டூலை முழங்காலால் லேசாக இடித்தால் பின்னால் கர்ர் என்று கரகரக்கும். விட்டுவிட்டால் பாடும். கதை நல்ல இடத்துக்கு வரும்போது இடிப்பேன். பிள்ளைகள் "ஐயே" என்பார்கள். இரண்டு நாளில் அலுத்துப்போய் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

மாமா பின்னாலிருந்து கேட்டார்: "பாப்பா, எதோ ஒரு முனை தளர்ந்து கீது. உன் முனையா என் முனையா, பாரு."

நான் எழுந்திருக்கக்கூட இல்லை. "உன் முனைதான் மாமா, இங்க நல்லாத்தான் கீது" என்று கத்தினேன்.

அப்புறம் நடந்ததைத்தான் சொல்ல முடியாமல் இத்தனை வருசம் வைத்திருந்தேன். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓலைச் சந்து வழியாக நானே பார்த்தேன். மாமா ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, செத்த இடுப்பை இழுத்துக்கொண்டு, தலைகீழாகத் தொங்கினார். இன்னொரு கையால் பானை முனையைப் பிரித்து, பல்லால் தோலைச் சீவி, மறுபடி முறுக்கினார். முகமெல்லாம் ரத்தம் இறங்கிச் சிவந்துவிட்டது. திரும்ப மேலே ஏற அவருக்கு எவ்வளவு நேரம் ஆனதோ, நான் பாதியிலேயே வந்துவிட்டேன். வந்து, திருகை முடுக்கினேனா? இல்லை. அன்று மாலை மறுபடி இடித்தேன். மறுபடி கேட்டார். மறுபடி, "உன் முனைதான் மாமா" என்றேன். மறுபடி தொங்கினார். மறுநாளும் அப்படியே. பிரித்துப் பிரித்துச் சீவி, அவர் பக்கத்து ஒயர் ஒரு முழம் குறைந்துபோனது.

நான்காவது தடவை அவர் கேட்கவில்லை.

அந்த வார ஞாயிறு நைனா வந்து பார்த்தார். "அந்தக் கடைக்காரன் அன்னிக்கே இளிச்சான், எனுக்குத் தெரியும்" என்று ஒயரை உருவிச் சுருட்டினார். பானையை முன்னறைக்குக் கொண்டுவந்து பழைய துண்டு ஒயரில் என்னைப் பூட்டச் சொன்னார். பூட்டினேன், இறுக்கமாக. கணீரென்று பாடியது. "பாத்தியா? ஒயருதான்!" என்றார். வீட்டில் எல்லோருக்கும் அதுவே சாட்சி ஆகிவிட்டது.

என்னையும் பஜாருக்கு இழுத்துக்கொண்டு போனார். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். சுருளைப் பாயின் முன்னால் வீசினார். "நடக்க முடியாத ஆளுக்குன்னு சொல்லித்தானே வாங்கினோம்? அவன் வயித்துல அடிக்கிறியே, உனுக்கு நாயமா?"

பாய்க்குக் கோபம் வரவில்லை. ஒயரை எடுத்து முழுக்க விரலால் தடவிக்கொண்டே போனார். "அண்ணாத்த, ஒயரு அறுந்திருந்தா ஒண்ணுமே வராது. கரகரன்னா அது முனைதான். ரெண்டு முனையையும் பார்த்தீங்களா?"

"பார்த்தாச்சி. எம் பொண்ணு பார்த்தா. அவளுக்குத் தெரியாதது இல்ல."

பாய் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலே அந்தக் கண். "பார்த்தியாமா?" என்றார்.

"பார்த்தேன்" என்றேன்.

அவர் சுருளை உள்ளே வைத்துவிட்டு அதற்கு ஈடாக ஒரு தகர டார்ச்லைட்டை எடுத்துக் கொடுத்தார். நைனா அதைப் பெரிய வெற்றியாகத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் கடை மோசம் என்று கூட்ஸ் ஷெட்டு முழுக்கச் சொன்னார், தெருவில் சொன்னார். எங்கள் ஆட்கள் யாரும் அதன்பிறகு அங்கே போகவில்லை. பஜார் பக்கம் போனால் நான் எதிர்ச்சாரியில் நடப்பேன்.

வேறு ஒயர் வாங்கலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். "தடி ஒயரு வாங்கத் துட்டு எங்க கீது? மெலிசுதான் மோசம்னு தெரிஞ்சிபோச்சே" என்றார் நைனா. பேச்சு அத்தோடு நின்றது. பானை முன்னறையிலேயே இருந்தது. பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். எதிர்வீட்டுக்காரி நெல்லிக்காய் கொண்டுவந்தாள். நான் தின்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இனித்தது.

கார்த்திகை முடிகிறபோது மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. புண் உள்ளே போய்விட்டது என்றார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் வருகிறவரை டார்ச்லைட்டைப் பிடித்துக்கொண்டு கொட்டாயில் நின்றேன். வெளிச்சம் கட்டில் காலில் விழுந்தது. அங்கே மாமா சீவிப்போட்ட சிவப்புத் தோலும் கறுப்புத் தோலும் இன்னும் கிடந்தன. நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"ஒயரு நல்ல ஒயருதான் பாப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டுகிற குரலில் இல்லை. எனக்குக் காது கேட்காததுபோல டார்ச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

அவர் திரும்பி வரவில்லை. அடுத்த வருசம் நான் பெரியவளானபோது பச்சை ஓலை கட்டிக் குடிசை போட வேண்டிய தாய்மாமன் இல்லாமல், நைனாவோடு மூட்டை தூக்குகிறவர் ஒருவர் அந்த முறையைச் செய்தார். செட்டு கொஞ்ச நாளில் புகைந்து நின்றுபோனது. பானையில் அம்மா மறுபடி புளி போட்டாள். டார்ச்லைட் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. நல்ல சாமான். பாய் கொடுத்தது.

இப்போது கூடுவாஞ்சேரிக்கு வருகிறேன். மருமகன் கடைசியில் சாதா ஒயர்தான் வாங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாம் பூட்டினார். இடது பக்கப் பெட்டி அழகாகப் பாடியது. வலது பக்கம் கர்ர் என்றது.

"பாத்தியா?" என்று மகளிடம் துள்ளினார். "அப்பவே சொன்னேன், சீப் ஒயருன்னு. கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான். நாளிக்கே போயி அவன் மூஞ்சில வீசிட்டு வரேன்."

கையிலிருந்த காப்பி டம்ளரை எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. "இருங்க மாப்ள. கடைக்காரர ஒண்ணும் சொல்லாதீங்க" என்று எழுந்து, டி.வி. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் மண்டியிட்டு நுழைந்தேன். முட்டி விண்ணென்று வலித்தது. மகள் "அம்மா, இன்னா பண்றே? வுழுந்துடப் போறே" என்று கத்திக்கொண்டே செல்போன் வெளிச்சத்தைக் காட்டினாள். தலை குனிந்து, கன்னம் சுவரில் உரச, ஆம்ப்ளிபயரின் முதுகுக்குக் கையைக் கொடுத்தேன். விரலுக்குத் தெரிந்தது. ஒரு திருகு தளர்ந்திருந்தது. முடுக்கினேன். அரைத் திருகு.

வலது பெட்டி பாடத் தொடங்கியது. மருமகன் கை தட்டினார். "அத்தே, நீங்க எங்கியோ போயிட்டீங்க!"

மகள் மேலேயிருந்து கேட்டாள்: "எந்த முனைம்மா தளர்ந்து இருந்துச்சி? பொட்டி முனையா, இந்த முனையா?"

நான் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "என் முனைதான் மாமா" என்றேன்.

பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. யார் காதிலும் விழவில்லை.